நிலைக்கல்லுக்கு அடியில் ஒரு படகு

மழை வருவதற்கு முந்தின நாள் என் வலது தோள் வலிக்கும். இன்று வலி இல்லை. ஆகவே நாளைக்கு மழையும் இல்லை. களத்தில் காயப்போட்டிருக்கிற நாலு கதிரை யாரும் அவசரப்பட்டு அள்ள வேண்டாம். கேள்வி கேட்கக் கூப்பிட்டனுப்பிய இடத்தில், ஊருக்கு உபயோகமான சேதி ஒன்றையாவது சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன்.

கோயில் சுவரில் இருக்கிற இந்தத் துளைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்று நான் கேட்கப்போவதில்லை. இதன் வழியாகப் பேசுவது உள்ளே கல்லாக இருக்கிற நம் தெய்வம், பெரியவள்தான் என்று ஊர் நம்புகிறது. நானும் நம்புகிறேன். துளையைக் குடைந்தவன் என்பதால் ஊரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நம்புகிறேன். உள்பக்கம் அகலமாகவும் வெளிப்பக்கம் ஒடுக்கமாகவும் குடைந்தால், உள்ளே முணுமுணுத்தால்கூட வெளியே முழங்கும். பெரியவளுக்கு இந்த வருஷமும் சளி விடவில்லை போலிருக்கிறது. அவளுக்குப் பூசை செய்கிற நஸ்ஸாத் தாய்க்கும் இதே சளிதான். கடற்காற்று அப்படி.

படகை ஏன் எடுத்தாய் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், தாயே. அதில் மறைக்க ஒன்றும் இல்லை. ஊரே பார்க்கத்தான் எடுத்தேன்.

முதலில் தோளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மீசை முளைத்த வயதில் கற்குழியிலிருந்து ஒரு பலகைக்கல்லை இழுத்து வருகையில் கயிறு அறுந்தது. அறுந்த முனை என் தோளைக் கழற்றிக்கொண்டு போனது. எலும்பு வைக்கிறவன் அதைத் திரும்ப மாட்டினான், ஆனால் இருந்த இடத்தில் மாட்டவில்லை. அன்றிலிருந்து காற்று மாறுவதற்கு ஒரு நாள் முன்பே தோள் குடைய ஆரம்பித்துவிடும். ஊர் இதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. சுவருக்குச் சாந்து பூசப்போகிறவள் வந்து நிற்பாள். ஆட்டை மேட்டுக்கு ஓட்டுகிறவன் வந்து நிற்பான். "கோர்முண்ணே, தோள் எப்படி இருக்கு?" என்பார்கள். என் நலம் விசாரிக்கிறார்கள் என்று முதல் இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வலிக்கிறது என்று சொன்னால் "அய்யோ" என்பார்கள். அந்த அய்யோ சாந்துக்கு.

கேட்டவர்களுக்கெல்லாம் தோள் சொன்னதை அப்படியே சொல்லி வந்தேன். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. என் தோளைக் கேட்காமல் இந்தக் கரையில் யாரும் படகு இறக்கியதில்லை.

இனி கல். குன்றின் மேல் ஊர் வைத்திருக்கிற மேட்டுக்காரர்கள் அவர்கள் கோயிலுக்கு இரண்டு ஆள் உயரத்தில் ஒரு கல் நிறுத்தியது உங்களுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அவர்கள்தான் நம்மைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க விடவில்லையே. நம் ஆட்கள் உப்பு மாற்றப் போனால், "கீழ ஆட்டுக்கொட்டகை வேலை எந்த மட்டுக்கும் வந்திருக்கு?" என்று கேட்டார்கள். நீங்கள் அப்போது இந்தத் துளை வழியாகச் சொன்னீர்கள்: பெரியவளுக்கு வாசல் உயரமாக வேண்டும், பகலும் இரவும் சமமாகிற நாளில் உதிக்கிற சூரியன் அந்த வாசல் வழியாக நேராக உள்ளே வந்து அவள் காலடியில் விழவேண்டும், அதுவும் இந்த வருஷமே. சொல்வது எளிது. துளையில் வாயை வைத்தால் போதும்.

இழுவைக்குக் குரல் கொடுக்கிறவன் நான். கயிற்றில் நாற்பது ஆள் நின்றாலும் நானூறு ஆள் நின்றாலும், ஒரே மூச்சில் இழுக்க வைப்பது என் குரல்தான். வாசலுக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டிய இரண்டு நிலைக்கல்லில் இடதுகல்லை நிறுத்தியாகிவிட்டது. வலதுகல்லைக் கற்குழியிலிருந்து பிளந்து, கல்லுருண்டைகளை அடியில் போட்டு உருட்டி, மண்மேட்டில் ஏற்றி, அடிப்பக்கத்தைக் குழியில் இறக்கி, பாதி நிமிர்த்தியும்விட்டோம். அங்கே நின்றுவிட்டது. படுக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. முதுகுக்குக் கீழே சல்லியை அடைத்து முட்டுக்கொடுத்து வைத்திருந்தோம்.

மேலே தூக்க நெம்புகட்டை வேண்டும். கட்டைக்கு மரம் வேண்டும். இந்தத் தீவில் மரம் எங்கே இருக்கிறது? நம் பாட்டன்மார் வெட்டிக் கூரை போட்டார்கள், எரித்தார்கள், இன்னும் கோயில் கட்டினார்கள். நமக்கு முள்ளை விட்டுவைத்தார்கள். என் வீட்டு உத்திரத்தையே உருவிக்கொண்டு வந்து நெம்பினேன். அது ஒடிந்த சத்தம் கேட்டு, கோயில் சுவரே விரிசல் விட்டுவிட்டது என்று பாதிப் பேர் ஓடிப்போனார்கள்.

மண்மேடு மழையில் கரைந்தால் கல் சரிந்து உள்ளறைகள் மேல் விழும் என்று நான் அப்போது சொன்னேன். பொய் இல்லை. கொஞ்சம் கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான்.

நீளமான, நேரான, ஒடியாத மரம் தீவிலேயே ஓர் இடத்தில்தான் இருந்தது. என் தங்கை இல்வாவின் புருஷன் தராஸ் வைத்திருந்த படகு. கடலுக்கு அந்தப் பக்கம் வடகரையில் நிற்கிற பைன் மரங்களை வெட்டி மூன்று பெருங்கட்டையாக அடியில் வைத்து, பலகைகளைத் துளையிட்டுக் கயிற்றால் தைத்த படகு. அவன் அப்பன் செய்தது. நடுக்கட்டையின் மூக்கில் ஒரு கண்ணைச் செதுக்கியிருந்தான் கிழவன். படகுக்கு வழி தெரிய வேண்டுமாம். வருஷத்துக்கு இரண்டு தடவை அது வடகரைக்குப் போய், உப்பையும் ஆட்டுத்தோலையும் கொடுத்துவிட்டுத் தானியமும் கத்திக்குக் கருப்புச்சில்லும் கொண்டு வரும்.

கரையில் அவன் பலகைத் தையலுக்குக் கொழுப்புத் தடவிக்கொண்டிருந்தபோது போனேன்.

"மாப்ள, உன் படகு வருஷத்துல எத்தனை நாள் கடல்ல கிடக்குது? மிச்ச நாளெல்லாம் மணல்ல படுத்துத் தூங்குது. ஒரு பத்து நாளைக்கு எழுப்பி நான் வேலை குடுக்கறேன்."

"கட்டை வேணும்னா உன் கூரையைப் பிரி மச்சான்."

"பிரிச்சாச்சு. அதுதான் ஒடிஞ்சது."

"அப்ப வாசலைச் சின்னதா வை. பெரியவ குனிஞ்சு வரட்டும்."

"அவ உடம்புக்குக் குனிய முடியாது மாப்ள. அவளைத் தூக்கி உள்ள வச்சவன் நான். எனக்குத் தெரியும்."

சிரித்தான். தராஸ் நல்ல மனுஷன், எதற்கும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே சொன்னான்: "இது கட்டை இல்ல மச்சான். வடகரையில நிக்கிற மரத்துக்கும் நமக்கும் நடுவுல இது ஒண்ணுதான் இருக்கு. இதை உடைச்சுட்டா, இன்னொண்ணு செய்ய மரம் கொண்டார எதுல போவ? கல்லு மேல ஏறிப் போவியா?"

"உடைஞ்சா உனக்கு வேற படகு நான் தர்றேன். என் வாக்கு."

"முதல்ல அதைத் தா. அப்புறம் இதை உடை."

நியாயமான பேச்சு. பதில் இல்லாத நியாயம் எனக்குப் பிடிக்காது. பேசிக்கொண்டே நடுக்கட்டையில் கையை வைத்து மூக்கிலிருந்து வால் வரைக்கும் முழம் போட்டேன். பழக்கதோஷம். அவன் அதைப் பார்த்தான். "அளந்துக்க, அளந்துக்க. அளக்கறதுக்கு நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்," என்றான்.

அதற்குப் பிறகுதான் பசி வந்தது. வந்தது என்பது தவறு, இருந்தது. கதிர் பால் பிடிக்கிற மாதம் எந்த வருஷமும் பசி மாதம்தான். இந்த வருஷம் விதைக்கு வைத்திருந்ததில் பாதியைக் கயிற்றுக்காரர்களுக்குக் கஞ்சி காய்ச்சியாகிவிட்டது. அப்படிச் செய்யச் சொன்னதும் இந்தத் துளைதான், நான் குறை சொல்லவில்லை. காலி வயிற்றோடு கயிறு பிடிக்கிறவன் இழுக்க மாட்டான், தொங்குவான்.

எதிரே கடலில் முட்டைத்திட்டு இருக்கிறது. ஏறி வந்தவர்கள் சொல்வார்கள், அங்கே மண்ணைவிட வளைதான் அதிகம், ஒவ்வொரு வளையிலும் ஒரு கடற்பறவை, ஒவ்வொரு பறவைக்கும் அடியில் ஒரு முட்டை. ஆட்களை அனுப்பி முட்டை எடுத்து வரலாம் என்று நான்தான் சொன்னேன். நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள். நீங்களும் சொன்னீர்கள்.

அந்தத் திட்டில் படகு கட்ட இடம் கிடையாது. சுற்றிலும் செங்குத்துப் பாறை. ஆளை இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிடும், அடுத்த நாள் போய்க் கூட்டி வரும். தராஸ் எப்போதும் படகிலேயே இருப்பான், கரையேற மாட்டான். இந்தத் தடவை நான் சொன்னேன்:

"மேக்குப் பக்கத்து வளையெல்லாம் உனக்குத்தான் மாப்ள தெரியும். நீ ஏறினா ரெண்டு கூடை அதிகம். படகை உன்கூடத் துடுப்புப் போடுற பெக்கோ பார்த்துக்குவான். சின்னப் பயலா அவன்? தாடி நரைச்சாச்சு."

"படகை விட்டுட்டு நான் ஏறினதே இல்ல மச்சான்."

"உன் வீட்டுக்குத் தனியா ஒரு கூடை. இல்வா முகத்தைப் பாரு, கன்னம் ஒட்டிக்கிடக்கு."

அவள் பெயரைச் சொன்னால் அவன் ஒத்துக்கொள்வான். அது என் தங்கை என்பதால் எனக்கு அது தெரிந்திருந்தது. உறவு என்பது இப்படி உதவும்.

புறப்படுகிற அன்று காலையில் அவன் என் வாசலில் வந்து நின்றான். பின்னால் மற்ற ஐந்து பேரும் கூடையோடு நின்றார்கள். சிப்பி பொறுக்குகிற வீட்டு அக்கா தங்கை இருவர், ஆட்டுக்கார லெம்மு, அவன் பெண்டாட்டி, உப்புப் பாத்தியில் வேலை செய்கிற ஊமையன். "மச்சான், தோள் என்ன சொல்லுது?" என்றான். போய்ட்டு வாங்க என்றேன். போனார்கள். பெக்கோவும் இன்னொருவனும் மதியத்துக்குள் வெறும் படகோடு திரும்பி வந்துவிட்டார்கள்.

மறுநாள் விடிகிறதற்குள் புயல் வந்தது. கடல் சுவர் மாதிரி எழுந்து நின்றது. படகை இறக்குவது பற்றிப் பேச்சே இல்லை. இது என் குற்றம் என்று யாரும் சொல்ல முடியாது, காற்றை நான் கூப்பிடவில்லை. நல்ல மழை. திட்டில் பாறைக் குழியெல்லாம் நிரம்பியிருக்கும். அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தது அந்தப் புயல்தான். இதை எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை, நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மண்மேடு ஓரமாகக் கரைய ஆரம்பித்தது. கல் ஒரு விரல்கடை நகர்ந்தது. சமநாளுக்கு அதிக நாள் இல்லை. படகு மணலில் கவிழ்ந்து கிடந்தது, ஒரு வேலையும் செய்யாமல்.

காற்று அடங்கியது. பெக்கோ வந்தான்.

"கோர்முண்ணே, கடல் படுத்திருச்சு. இறக்கிரலாமா? தோள் எப்படி?"

"இன்னும் குடையுது. இது நடுவுல விடுற மூச்சு. திரும்ப அடிக்கும்."

"பார்த்தா அப்படித் தெரியலையே."

"பார்க்கிறது உன் கண்ணு. சொல்லுறது என் தோள். எது இதுவரைக்கும் பொய் சொல்லியிருக்கு?"

தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். தோளுக்கு அவ்வளவு மரியாதை. அன்று மத்தியானம் நாங்கள் படகின் தையலைப் பிரித்தோம். நாங்கள் என்றுதான் சொல்கிறேன், தாயே. நான் ஒரு முடிச்சைத்தான் அவிழ்த்தேன். மற்றதைக் கயிற்றுக்காரர்கள் அத்தனை பேரும் சேர்ந்து அவிழ்த்தார்கள். எல்லாருக்கும் கஞ்சி ஊற்றிய கோயிலின் வேலை முடிய வேண்டும். பெக்கோ மட்டும் கடைசியாக ஒரு பேச்சுப் பேசினான்.

"அண்ணே, ஆளுங்க அங்க இருக்காங்க."

"இருக்கட்டும். எங்க போயிடப் போறாங்க?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கல் நின்றதும் திரும்பத் தைத்துக்கொள்ளலாம், ஒரு நாள் வேலை என்று நான் சொன்னதை அவர்கள் நம்பினார்கள். நம்ப விரும்புகிறவனை நம்ப வைப்பதற்குக் குரல்கூட உயர்த்த வேண்டியதில்லை. மூன்று கட்டையையும் கோயிலுக்குத் தூக்கி வந்தபோது நீங்கள் வெளியே வந்தீர்கள். கட்டையில் தையல் துளை வரிசையாக இருந்தது, மூக்கில் கண் இருந்தது. நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. காவிமண் குழைத்து அந்தக் கண்ணுக்கு மேலேயே தடவி வாழ்த்தினீர்கள். இப்போது கேட்கிறீர்கள். கேட்பதற்கும் ஒரு பருவம் உண்டு போலிருக்கிறது.

அடுத்த நாள் திட்டில் ஒரு புகை எழுந்தது. வந்து கூட்டிப்போ என்பதற்கு ஒரு புகை. அது பழைய ஏற்பாடு. அங்கே எரிக்கக் காய்ந்த களையும் பறவைக் கூட்டுச் சருகும்தான் இருக்கும், ஆனாலும் நன்றாகவே புகைந்தது. கயிற்றில் நின்றவர்கள் இழுக்கிறபோது கடலைப் பார்த்து நிற்க வேண்டியிருந்தது. குரல் கொடுத்தால் பாதிப் பேருக்குத்தான் கேட்டது, மற்றவர்களுக்குக் கண் அந்தப் பக்கம். அதனால் கயிற்றை மறுபக்கம் மாற்றி, கல்லைச் சுற்றி வளைத்து, மேட்டைப் பார்த்து இழுக்க வைத்தேன். இழுப்புக்கு நல்லது என்று சொன்னேன். உண்மையில் நல்லதாகத்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் புகை இருந்தால் மனுஷன் நன்றாக இழுக்கிறான்.

இல்வா தினமும் வந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன், சத்தத்தில் என்னை ஜெயிக்க இந்தத் தீவில் ஆள் இல்லை. மண்மேட்டுக்குக் கீழே நின்று, சந்தையில் விலை கேட்கிற மாதிரி பேசினாள்.

"அண்ணே, புகை ரெண்டாச்சு."

"பார்த்தேன்."

"ரெண்டு புகைன்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும்."

"அடுப்பு ரெண்டு மூட்டியிருக்காங்க. முட்டை அவ்வளவு கிடைச்சிருக்கு."

"உன் வாயில மண்ணு விழ."

அன்று மேலிருந்து மண் இறக்கிக்கொண்டிருந்தோம். கொஞ்சம் விழுந்திருக்கலாம்.

இரண்டு புகை என்றால் ஒருவர் செத்துவிட்டார் என்று அர்த்தம். யார் என்று புகை சொல்லாது. அதற்குப் பிறகு ஒரு நாள் புகை மெலிந்தது, ஒரு நாள் இல்லை, பிறகு மறுபடி கொஞ்சம். பிறகு இல்லை.

புகை நின்றபின் ஒரு காலையில் நம் கரையில் ஒரு தோல்பை ஒதுங்கியது. ஆட்டுத்தோல், காற்று அடைத்து வாய் கட்டியது. மிதவையாகப் பிடித்துக்கொண்டு ஒருவன் நீந்தக் கூடிய அளவு. உள்ளே சருகு வைத்து முட்டை அடுக்கியிருந்தது. பாதி உடைந்திருந்தது, பாதி முழுசாக இருந்தது. வாயைக் கட்டியிருந்த முடிச்சு தராஸ் போடுகிற முடிச்சு, படகுத் தையலில் அதைத்தான் அவிழ்க்கச் சிரமப்பட்டோம். பையோடு அவன் இல்லை. அன்று முதலில் கரைக்குப் போனவன் நான். அதனால் பையை யாரும் பார்க்கவில்லை. முட்டையை மட்டும் பார்த்தார்கள். பாறை இடுக்கில் எடுத்தேன் என்று சொல்லிக் கயிற்றுக்காரர்களுக்கு அவித்துக் கொடுத்தேன். ஆளுக்கு ஒன்றுகூட வரவில்லை, ஆனால் அன்றுதான் நன்றாக இழுத்தார்கள். கல் எழுந்தது.

எழுந்தது என்றால் எப்படி எழுந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். ஒரு கட்டை ஒடிந்தது. ஒன்றை முட்டுக்கு அறுத்தோம். நடுக்கட்டை கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கல் அதன் மேல் உட்கார்ந்துவிட்டது. கல்லுருண்டைகளை நாம் எப்போதும் அடியிலேயே விட்டுவிடுவோமே, அதுபோல அதையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. மூக்கு மட்டும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. காவி மழையில் கழுவிப்போய்விட்டது. கண் கடலைப் பார்த்தபடி இருக்கிறது.

கல் நின்றபின் முற்றத்திலிருந்து பார்த்தால் முட்டைத்திட்டு தெரியாது. கல் மறைத்துவிடுகிறது. நிம்மதியாக இருக்கிறது என்று பல பேர் என்னிடம் சொன்னார்கள். பெயர் சொல்லட்டுமா? வேண்டாம், உங்கள் சளி அதிகமாகிவிடும்.

பிறகு சமநாள். ஊரே விடியலில் வாசலுக்குள் நின்றது. மேட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள், வயிற்றெரிச்சலைப் பரிசாகக் கொண்டுவந்திருந்தார்கள். வானம் முழுக்க மேகம். சூரியன் எந்தப் பக்கம் உதித்தது என்றுகூடத் தெரியவில்லை. மேட்டுக்காரன் ஒருவன் சொன்னான்: "வாசல் பெருசுதான்ப்பா. சூரியனாருக்குத்தான் வழி தெரியல." அந்த நேரம் துளையிலிருந்து நீங்கள், பெரியவள் மகிழ்ந்தாள் என்று முழங்கினீர்கள். நடுவில் ஒரு தும்மல் வந்தது. அதையும் முழங்கியது துளை. நல்ல துளை.

முந்தின நாள் சாயங்காலமே எனக்குத் தெரியும். தோள் சொல்லிவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு சிரமப்பட்டு வந்திருக்கிறார்கள், முன்கூட்டியே ஏன் கெடுக்க வேண்டும்?

வடகரைக்குப் படகு போகவில்லை, தானியம் வரவில்லை. யாரையாவது கேட்க வேண்டும் என்று ஊருக்குத் தோன்றியிருக்கிறது. அதனால்தான் இப்போது என்னை உட்கார வைத்துக் கேட்கிறீர்கள், படகை ஏன் எடுத்தாய் என்று. அதற்கு ஊரே பதில் சொல்லலாம். ஆனால் என் தங்கை வேறு ஒன்று கேட்டாள். இந்த ஊரில் கேட்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

நிலைக்கல்லுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள், படகின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு. நான் கடந்து போனேன். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன்."

"கேளு."

"அன்னிக்குக் காலையில அவர் வந்து கேட்டாரே. உனக்குத் தோள் வலிச்சுதா?"

"ஞாபகம் இல்ல."

"நான் உங்க வீட்டுப் பின்னால நின்னுக்கிட்டிருந்தேன். நீ கஞ்சிக் கலயத்தை இடது கையால தூக்கின."

கல் தூக்குகிற ஊருக்குக் கல்லைத் தவிர வேறு ஒன்றும் கண்ணில் படாது என்று நினைத்திருந்தேன். கலயத்தைப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அவளுக்கு நான் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். துளைக்குள் போனது வெளியே வராது என்பது இந்தக் கோயிலின் சட்டம், அந்தச் சட்டத்தை நீங்கள் எப்படிக் காப்பாற்றுகிறீர்கள் என்பது எனக்குத் தெரிந்தாலும் சொல்கிறேன்.

வலித்தது. கயிறு அறுந்த நாளுக்குப் பிறகு அப்படி வலித்ததில்லை. விரல் மடங்கவில்லை. பெரிய புயல் வரப்போகிறது, நாலைந்து நாளைக்குக் கடலில் கால் வைக்க முடியாது என்று தெரியும். பெரிய புயலானதால் அதற்கு முந்தின நாளே லேசாக ஆரம்பித்துவிட்டது, அப்போதுதான் முட்டை யோசனையைச் சொன்னேன். ஆறு பேரும் வாசலில் நின்றார்கள். தராஸ் கேட்டான். "தோளா? குழந்தை மாதிரித் தூங்குது, போய்ட்டு வாங்க," என்றேன். இத்தனை வருஷம் ஒருத்தரிடமும் தோளைப் பற்றிப் பொய் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்தேன். அந்தச் சேமிப்பு முழுவதையும் அந்த ஒரு வார்த்தையில் போட்டேன். அதனால்தான் அது அவ்வளவு எடையைத் தாங்கியது. பெக்கோவிடம் சொன்னது வெறும் சில்லறை.

தராஸ் ஊரில் இருந்தால் படகு கிடைக்காது. படகு கிடைக்காவிட்டால் கல் நிற்காது. தராஸ் ஊரில் இல்லாமல், படகு ஊரில் இருக்க வேண்டும். வேறு வழி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், இப்போதுகூடக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற ஐந்து பேர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவனை மட்டும் தனியாக முட்டை பொறுக்க அனுப்பினால் யார் நம்புவார்கள்?

கொன்றுவிட்டாய் என்கிறாள் இல்வா. துக்கத்தில் பேசுகிறாள், நான் பெரிதுபடுத்தவில்லை. என் கை ஒருத்தர் மேலும் படவில்லை. கை படாமல் அவ்வளவு பெரிய கல்லையே நிறுத்துகிறவன் நான், வெறும் குரலால்.

என்னை என்ன செய்வது என்று நீங்கள் யோசிப்பீர்கள். நிதானமாக யோசியுங்கள். இரண்டு நிலைக்கல்லுக்கும் மேலே படுக்க வேண்டிய தலைக்கல் இன்னும் ஏறவில்லை. அதை ஏற்ற ஒரு குரல் வேண்டும், அந்தக் குரல் யாருடையது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கட்டையும் வேண்டும். கூரைகளை எண்ணிப் பார்த்துவிட்டேன், உங்கள் அறைக்கு மேலே நல்ல உத்திரம் ஒன்று இருக்கிறது.

என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும், வாக்கு மறக்கிறவன் என்று யாரும் சொல்ல முடியாது. உடைந்தால் வேறு தருகிறேன் என்று கரையில் வைத்துச் சொன்னேன், உடைந்தது. அதை நான் மறுக்கவில்லை. தராஸுக்கு நான் ஒரு படகு தர வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி.